தீப்பெட்டி ஆபீஸும் பனியன் கம்பெனியும்: கூலி ஏறும் ஊர், ஏறாத ஊர்

எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு பேச்சு உண்டு. சிவகாசி வட்டாரத்தில் வேலை கிடைக்கவில்லை என்று எவனாவது சொன்னால் அவன் சோம்பேறி. அது பொய்யும் இல்லை. தீப்பெட்டி, பட்டாசு, அச்சகம் என்று மூன்று தொழில். காலையில் போய்க் கேட்டால் மதியத்துக்குள் உட்கார்ந்துவிடலாம். குட்டி ஜப்பான் என்று பெயர் வேறு. ஆனால் 2018இல் மத்திய அரசு பின்தங்கிய மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்து ஒரு திட்டம் தொடங்கியபோது தமிழ்நாட்டிலிருந்து அதில் சேர்ந்தவை இரண்டே மாவட்டங்கள். ஒன்று ராமநாதபுரம். சரி, வானம் பார்த்த பூமி, பெரிய தொழிற்சாலையும் கிடையாது, ஒப்புக்கொள்ளலாம். இன்னொன்று விருதுநகர். சிவகாசி இருக்கிற அதே விருதுநகர்தான்.

பட்டியலை எப்படிப் போட்டார்கள், கல்வியையும் சுகாதாரத்தையும் சேர்த்துப் பார்த்தார்களே என்று விவாதம் பண்ணுகிறவர்கள் பண்ணட்டும். எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. நான் சாத்தூர் பக்கம் பிறந்தவள், தீப்பெட்டிக் குச்சிகளுக்கு நடுவில் வளர்ந்தவள், கல்யாணத்துக்கு அப்புறம் திருப்பூர் வந்து பனியன் கம்பெனியில் பிசிறு வெட்ட, அதாவது தைத்த துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டத் தொடங்கி, மிஷினில் உட்கார்ந்து, இப்போது ஒரு தையல் லைனைப் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு ஊரிலும் வேலைக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் ஒரு ஊரில் அம்மா முப்பது வருஷம் உழைத்தும் குடும்பம் இருந்த இடத்தில் இருந்தது, இன்னொரு ஊரில் நாங்கள் கொஞ்சம் மேலே வந்தோம். எங்களைப் போல் வந்து மேலே வராதவர்களும் இருக்கிறார்கள். இது ஏன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். ஊர் மாறலாமா, பெண்ணை வேலைக்கு அனுப்பலாமா என்று கேட்கிறவர்களிடம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் தீப்பெட்டி. எங்கள் பக்கம் அதை ஆலை என்றோ தொழிற்சாலை என்றோ யாரும் சொல்ல மாட்டார்கள், தீப்பெட்டி ஆபீஸ் என்பார்கள். அம்மாவுக்குக் கட்டை அடுக்கும் வேலை. வரிவரியாகப் பள்ளம் போட்ட மரச்சட்டத்தில் பள்ளத்துக்கு ஒரு குச்சி என்று வைத்து, அதற்கு மேல் அடுத்த சட்டம், மறுபடியும் குச்சி, இப்படியே அடுக்கி இறுக்கி முடித்தால் ஒரு கட்டை. அதைக் கொண்டுபோய் மெழுகிலும் மருந்திலும் முக்குவார்கள். அம்மாவின் விரல் குச்சியை எண்ணாது, ஒரு பிடி அள்ளித் தட்டினால் அதுவே பள்ளத்தில் போய் உட்காரும். பார்க்கிறவர்களுக்கு வித்தை மாதிரி இருக்கும். கூலி கட்டைக்கு இவ்வளவு. வீட்டில் பெட்டி ஒட்டினால் அது குரோஸ் கணக்கு, 144 பெட்டி ஒரு குரோஸ். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நாங்களும் பசைத் தட்டோடு உட்காருவோம். அப்போது எங்கள் தெருவில் ஒட்டாத வீடு கிடையாது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986லேயே வந்துவிட்டது, ஆனால் வீட்டுத் திண்ணைக்கு அது வந்துசேர ரொம்ப நாள் ஆனது.

இப்போது கணக்கைப் பாருங்கள். கட்டை அடுக்குவதைப் பத்து நாளில் கற்றுக்கொள்ளலாம். இருபது வயதில் ஒரு கட்டைக்கு என்ன கூலியோ ஐம்பது வயதிலும் அதே கூலிதான், சொல்லப்போனால் கண் மங்கி, முதுகு பிடித்துக்கொண்டு, ஐம்பது வயதில் கிடைப்பது குறைவு. நன்றாக வேலை தெரிந்தவள் என்பதற்கு எந்த மரியாதையும் இல்லை, ஏனென்றால் அதற்கு மேலே ஏறிப்போக அடுத்த படி என்று ஒன்று அங்கே கிடையாது. இன்னொரு பக்கம் சரக்கின் விலை. தீப்பெட்டி ஒரு ரூபாய்க்கு வந்தது 2007இல். அதற்கு அப்புறம் இரண்டு ரூபாய் ஆனது 2021 டிசம்பரில். பதினாலு வருஷம்! நடுவில் குச்சி, மெழுகு, அட்டை, மருந்து எல்லாம் ஏறியது. பெட்டி விலை அசையவில்லை. முதலாளி நல்லவரோ கெட்டவரோ, ஒரு ரூபாய்ப் பெட்டிக்குள்ளிருந்து எவ்வளவு கூலியை எடுத்துக் கொடுத்துவிட முடியும்? பிளாஸ்டிக் லைட்டர் வேறு வந்து போட்டி போட்டது. 2023இல்தான் இருபது ரூபாய்க்குக் குறைவான லைட்டர் இறக்குமதிக்குத் தடை வந்தது.

இதையெல்லாம் விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. எங்கள் ஊரிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஆபீஸ் இரண்டுதான், இரண்டின் முதலாளிகளும் ஒருவருக்கொருவர் சொந்தக்காரர்கள். இங்கே கூலி கட்டுப்படியாகவில்லை என்று அங்கே போனால் அங்கேயும் அதே கூலி. போதாததற்கு மழை. ஐப்பசி, கார்த்திகையில் குச்சி காயாது, வேலை நின்றுவிடும். பட்டாசில் இன்னும் மோசம், தீபாவளி முடிந்ததும் கொஞ்ச நாளைக்கு இழுத்து மூடுவார்கள், வெயில் இல்லாவிட்டால் மருந்து உலர்த்தவும் முடியாது. வருமானம் சுத்தமாக நின்றுபோகும் அந்த மாதத்தில்தான் அட்வான்ஸ் கொடுப்பார்கள். அடுப்பெரிய வேண்டுமே, வாங்காமல் என்ன செய்வது. வாங்கிவிட்டால் அடுத்த வருஷம் முழுக்க அந்த ஆபீஸ்தான். அட்வான்ஸ் வாங்கினவள் கூலி பேச முடியாது, நாலு நாள் காய்ச்சலில் படுக்கவும் முடியாது. வருஷத்தில் பத்து மாதம் வேலை இருந்தும் ஒரு குடும்பம் கடைசிவரை கடனிலேயே கிடப்பது இப்படித்தான்.

இந்தப் பிடி முதன்முதலில் கொஞ்சம் தளர்ந்ததை நான் கண்ணால் பார்த்தது நூறு நாள் வேலை வந்தபோது. 2008இல் அது எல்லா மாவட்டத்துக்கும் வந்தது. முழு நூறு நாளும் எங்கள் ஊரில் யாருக்கும் கிடைத்ததாக எனக்கு நினைவில்லை, கம்மாயில் மண் அள்ளிப்போட்டுவிட்டு மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேலி பேசியவர்கள் பேசினார்கள். ஆனால் ஒன்று நடந்தது. “இந்தக் கூலிக்கு வர மாட்டேன், அங்கே போறேன்” என்று சொல்ல ஒரு இடம் கிடைத்தது. ஆபீஸ்காரர்கள் வேன் வைத்து பக்கத்து ஊர்களிலிருந்து ஆள் ஏற்றத் தொடங்கினார்கள், கட்டைக் கூலி ஏறியது, பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் ஆள் பிடிப்பதில் போட்டி வந்தது. அப்புறம் மிஷினும் வந்தது, ஆள் குறைந்தது, அதையும் சொல்லியாக வேண்டும். கூலி ஏறாததற்குக் காரணம் உழைப்புக் குறைவு இல்லை, போக வேறு இடம் இல்லாததுதான் என்று அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது.

திருப்பூர் வந்தபோது முதலில் கண்ணில் பட்டது சுவர்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து எந்த ரோட்டில் திரும்பினாலும் கேட்டுக்குக் கேட் அட்டை தொங்கும்: ஓவர்லாக், பேட்லாக் டெய்லர் தேவை, கைமடி தேவை, செக்கிங் பெண்கள் தேவை, அயர்ன் மாஸ்டர் தேவை. ஒரே ஊர், ஒரே தொழில்தான், ஆனால் முதலாளி ஆயிரக்கணக்கில். நூலை வாங்கி நிட்டிங், சாயம், பிரிண்டிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று ஒரு பனியன் பத்து வாசல் ஏறி இறங்கும். ஒவ்வொரு வாசலிலும் ஒரு வேலை, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கூலி. ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர் வாய் நீளமாக இருந்தால் திங்கட்கிழமை எதிர் கம்பெனி. இது சாதாரண விஷயமாகத் தெரியும், எங்கள் ஊரிலிருந்து வந்தவளுக்கு அது பெரிய அதிசயம்.

அடுத்தது படி. பிசிறு வெட்டுகிறவளுக்கும் மோட்டார் மிஷினில் தைக்கிற பவர் டேபிள் டெய்லருக்கும் கூலியில் நல்ல வித்தியாசம். அந்தப் படியை எப்படி ஏறுவது என்றால், எந்த டிரெய்னிங் சென்டரும் இல்லை, சாப்பாட்டு நேரம்தான். டெய்லர் அக்கா டிபன் பாக்ஸைத் திறக்கிற நேரத்தில் அவர் மிஷினில் உட்கார்ந்து வேஸ்ட் துணியில் நேராகத் தையல் ஓட்டிப் பழகுவோம். காலை அழுத்தினால் மிஷின் பாய்ந்துபோகும், துணி சுருண்டுபோகும், கையை ஊசிக்குக் கொடுக்காமல் வேகத்தைக் காலுக்குப் பழக்குவதுதான் முதல் பாடம். அப்புறம் நேரான ஓரம், அப்புறம் வளைவு, கழுத்துப் பட்டி கடைசியில். கழுத்துப் பட்டி சுருக்கம் விழாமல் தைக்கத் தெரிந்துவிட்டால் எந்தக் கம்பெனியிலும் வேலை உண்டு. சொல்லிக்கொடுக்க மனசுள்ள அக்கா ஒருத்தர் கிடைத்தது என் அதிர்ஷ்டம். எங்கள் பீஸ் ரேட்டுக்கு இவள் போட்டியாக வந்துவிடுவாள் என்று விரட்டியவர்களும் உண்டு.

ஆகவே யார் வந்து “அந்த ஊரில் சம்பளம் எவ்வளவு?” என்று கேட்டாலும் நான் அதை மட்டும் கேட்காதே என்பேன். அதே வேலைக்கு அந்த ஊரில் எத்தனை முதலாளி இருக்கிறான், உன் வேலைக்கு மேலே அடுத்த வேலை எது, அதைக் கற்றுக்கொண்டவர் யாராவது கண்முன் இருக்கிறாரா, வருஷத்தில் எத்தனை மாதம் வேலை நிற்கும் என்று கேட்க வேண்டும். முதல் மாதச் சம்பளம் ஆயிரம் இரண்டாயிரம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, ஐந்தாவது வருஷம் என்ன ஆவாய் என்பதுதான் விஷயம். மூன்று வருஷம் மில்லில் தங்கி வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று ஒரு திட்டம் சொல்லி எங்கள் பக்கத்துப் பெண்களை வேனில் ஏற்றிப்போன காலம் ஒன்று இருந்தது. ஹாஸ்டல், கேட், வார்டன், வெளியே போகத் தடை. சித்தி மகள் ஒருத்தி இரண்டரை வருஷத்தில் உடம்பு முடியாமல் வந்துவிட்டாள், முழுத் தொகையும் வரவில்லை. கடைசியில் மொத்தமாகத் தருகிறேன் என்கிற எந்த வேலையும் அட்வான்ஸைத் திருப்பிப் போட்டதுதான். ஒன்று முன்னால் கட்டிப்போடுகிறது, மற்றது பின்னால்.

சரி, திருப்பூர் சொர்க்கமா என்றால் இல்லை. ஒரு தொழிலை நம்பி நிற்கிற ஊரில் எல்லாரும் ஒன்றாக எழுவார்கள், ஒன்றாக விழுவார்கள். 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு விட்டதற்காக உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது அதைப் பார்த்தேன். மூடியது சாயப்பட்டறை, ஆனால் துணி வராததால் கட்டிங் நின்றது, தையல் நின்றது, எங்கள் லைன் வீட்டுக்குக் கீழே இருந்த மெஸ் மூடியது, வாடகைக்கு ஆள் இல்லாமல் ரூம்கள் பூட்டிக் கிடந்தன. கோர்ட் சொன்னது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய சாயத் தண்ணீர் கீழே எத்தனை விவசாயியின் கிணற்றைக் கெடுத்தது. நாங்கள் இங்கே இரவு வரை இருந்து வாங்கிய ஒன்றரை ஷிப்ட் கூலியில் அவர்களுடைய நஷ்டமும் கொஞ்சம் இருந்திருக்கிறது.

2016 நவம்பரில் பழைய நோட்டு செல்லாது என்றபோது சனிக்கிழமைச் சம்பளம் ரொக்கமாக வாங்கிப் பழகிய ஊர் திணறியது. 2020 ஊரடங்கில் வடமாநிலப் பையன்கள் ரோட்டோரமாக மூட்டையோடு நின்றார்கள், இருக்கிற நாங்களும் வாடகை கொடுக்கக் கையைப் பிசைந்தோம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது முதலில் போனது ஒன்றரை ஷிப்ட். வெளியில் இருப்பவர்களுக்கு இது புரியாது, வேலை போகவில்லையே என்பார்கள். காலை எட்டரைக்குப் போய் ஐந்தரைக்குத் திரும்பினால் ஒரு ஷிப்ட்; இரவு எட்டரை வரை இருந்தால் ஒன்றரை. இங்கே வீட்டு வாடகை, பிள்ளை பீஸ், சீட்டுப் பணம் எல்லாம் ஒன்றரை ஷிப்டை நம்பிப் போட்ட கணக்கு. அரை ஷிப்ட் போனால் அந்த வாரமே ஓட்டை விழும், அதை அடைக்க வார வட்டிக்காரர் கேட்டுக்கு வெளியிலேயே வண்டியில் உட்கார்ந்திருப்பார். சனிக்கிழமை சம்பளம் நம் கைக்கு வருவதற்கு முன்னால் அவர் கைக்குப் போய்விடும்.

இங்கேதான் எனக்கு வறுமைக் கணக்கெடுப்பு மேல் ஒரு வருத்தம். நிதி ஆயோக் வெளியிடும் பல பரிமாண வறுமைக் கணக்கில் தமிழ்நாடு 2015–16இல் 4.76 சதவீதம், 2019–21இல் 2.20 சதவீதம். நாடு முழுக்க அதே காலத்தில் 24.85லிருந்து 14.96. நல்ல முன்னேற்றம், நான் குறை சொல்லவில்லை, அம்மா காலத்து விறகடுப்பும் சிம்னி விளக்கும் போனதை நானே பார்த்தவள். ஆனால் அதில் பார்ப்பவை பன்னிரண்டு விஷயம்: சத்துணவு, குழந்தை இறப்பு, பள்ளிப் படிப்பு, சமையல் எரிவாயு, கழிப்பறை, குடிநீர், மின்சாரம், வீடு, வங்கிக் கணக்கு இப்படி. எங்கள் காம்பவுண்டில் இருக்கிற எல்லா வீட்டிலும் கேஸ் இருக்கிறது, போன் இருக்கிறது, பாஸ்புக் இருக்கிறது. அந்தக் கணக்குப்படி ஒருவரும் ஏழை இல்லை. அதே காம்பவுண்டில் அரை ஷிப்ட் குறைந்தால் தாலிச் சங்கிலி அடகுக்குப் போகிற வீடுதான் பாதிக்கு மேல். கடனும் வாடகையும் அந்தக் கணக்கில் இல்லை, வேலை நிற்கிற மாதங்களும் இல்லை. வேலை நிறைய இருக்கிற ஊரின் வறுமை இப்படித்தான், கணக்கெடுக்க வருகிறவர் கண்ணில் படாது.

ஆகவே இந்த ஊரில் நிலைத்து நின்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்துவைத்திருக்கிறேன். முதலில், புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் பனியன் கம்பெனியில் இருக்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் அவர் மளிகைக் கடைக்குச் சரக்கு ஏற்றும் மினி ஆட்டோ ஓட்டுகிறார், வருமானம் என்னுடையதை விடக் குறைவுதான், ஆனால் பனியன் விழுந்த வாரத்தில் அது விழாது. ஊரில் தீப்பெட்டியை நம்பியிருக்கிறவர்களுக்கும் இதையே சொல்வேன், ஒருத்தர் ஆபீஸ் என்றால் இன்னொருத்தர் ஆடோ மாடோ டீக்கடையோ, எதுவானாலும் தீப்பெட்டி வேண்டாம். கூலி கொஞ்சம் குறைந்தாலும் ஒரே நாளில் இரண்டும் நிற்காது.

அடுத்தது பிஎஃப். இதை எத்தனை பேரிடம் சொல்லி வாய் வலித்துவிட்டது. கம்பெனி மாறும்போதெல்லாம் பிஎஃப் பணத்தை எடுத்துச் செலவழித்துவிடுகிற பழக்கம் இங்கே பரவலாக உண்டு. 58 வயதில் மாதாமாதம் பென்ஷன் வர வேண்டுமென்றால் பத்து வருஷ சர்வீஸ் சேர வேண்டும். பென்ஷன் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால் அதுவரை சேர்ந்த வருஷங்கள் போய்விடும், மறுபடியும் ஒன்றிலிருந்து. எந்தக் கம்பெனியில் சேர்ந்தாலும் பிஎஃப் கணக்குக்கென்று உள்ள பழைய யுஏஎன் நம்பரையே கொடுங்கள், புதிது போட விடாதீர்கள், ஆதாரில் இருக்கிற பெயரும் அதில் இருக்கிற பெயரும் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று அன்றைக்கே பாருங்கள். இனிஷியல் மாறிக் கிடந்ததால் அலைந்தவர்களை எனக்குத் தெரியும். தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இஎஸ்ஐயும் அப்படித்தான், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவருக்கு உண்டு, நம்மிடம் பிடிப்பது முக்கால் சதவீதம், முதலாளி போடுவது மூன்றேகால். போதிய நாள் பணம் கட்டியிருந்தால் உடம்பு முடியாத நாளுக்கும் சம்பளத்தில் எழுபது சதவீதம் கிடைக்கும். ஒரு ஆஸ்பத்திரிச் செலவில் இருந்ததெல்லாம் போய் வார வட்டியில் விழுந்த குடும்பங்களை வைத்துப் பார்த்தால் அந்த முக்கால் சதவீதம் ஒரு செலவே இல்லை. “பிஎஃப், இஎஸ்ஐ பிடித்தம் வேண்டாம், கையில் கூடக் கொடுக்கிறேன்” என்கிற காண்ட்ராக்டரிடம் சந்தோஷமாகப் போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

பெண்களுக்கு இன்னொன்று, தூரம். நடந்து போகும் தூரத்தில் இருக்கிற இரண்டு ஆபீஸ்தான் அம்மாவின் உலகம் என்றேன் அல்லவா. 2021இல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று வந்ததும் என் லைனில் அவினாசி ரோட்டுப் பக்கமிருந்தும் பல்லடம் பக்கமிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பஸ் காசு மிச்சம் என்பது சின்ன லாபம், பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிற எல்லாக் கம்பெனியும் கைக்கு எட்டுவது பெரிய லாபம். ரேஷன் கார்டு ஊரில் இருக்கிறதே என்று ஊரிலேயே கிடப்பவர்களும் உண்டு. 2020லிருந்து மாநிலத்தில் எந்தக் கடையிலும் கைரேகை வைத்து வாங்கலாம்.

இப்போது எங்கள் ஊருக்கே துணித் தொழில் வருகிறது. விருதுநகர் மாவட்டம் இ.குமாரலிங்கபுரத்தில் ஆயிரம் ஏக்கருக்கு மேல் மத்திய அரசின் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா என்று 2023இல் அறிவித்தார்கள். மதினி போன் பண்ணும்போதெல்லாம் “அது வந்துட்டா நீங்க எல்லாம் திரும்பி வந்துரலாம்ல?” என்று கேட்கிறாள். அது வரட்டும், வருவது நல்லதுதான், தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் ஆள் பிடிக்க இன்னொரு போட்டி வருகிறதே, அதுவே அங்கே கூலியை ஏற்றும், ஒருத்தர்கூட அதில் வேலைக்குச் சேராவிட்டாலும். ஆனால் சேருவதாக இருந்தால் சிலதைக் கேட்டுக்கொண்டு சேரச் சொல்லியிருக்கிறேன். பூங்காவுக்குள் பத்து கம்பெனி வருகிறதா, இல்லை ஒரே பெரிய கம்பெனியா. உள்ளூர்ப் பெண்களை மிஷினில் உட்கார வைப்பார்களா, இல்லை டெய்லரை வெளியிலிருந்து கொண்டுவந்து நம்மைக் கூட்டிப் பெருக்கவும் பிசிறு வெட்டவும் மட்டும் வைத்துக்கொள்வார்களா. சம்பளம் கம்பெனி கணக்கிலிருந்து வருமா, காண்ட்ராக்டர் கையிலிருந்தா. மதினி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “மிஷினுக்கு முப்பத்தெட்டு வயசுல என்னை எடுப்பாங்களா?” என்றாள். எடுப்பார்கள். என் லைனில் நாற்பதுக்கு மேல் பழகியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கம்பெனி வரும்வரை காத்திருக்க வேண்டாம், தெருவில் தையல் மிஷின் வைத்திருக்கிறவளிடம் இப்போதே போய் உட்கார்ந்து நேராகத் தைக்கப் பழகிக்கொள் என்றேன். மோட்டார் வைத்த மிஷினாகப் பார்த்துப் பழக வேண்டும். காலால் மிதிக்கிற மிஷினில் கை பழகியவர்களுக்கு பவர் மிஷினின் வேகம் பிடிபட இன்னும் கொஞ்ச நாள் கூடப் பிடிக்கும்.